துயரக் கதையும் அதை ஏற்ற ஏடுகளும்

துயரத்தைத் தனியே வைத்துக்கொண்டு பழகியவர் அல்லர் தமிழர். சாவு நேர்ந்த வீட்டின் முற்றத்தில் பெண்டிர் தோளோடு தோள் சேர வட்டமாக அமர்ந்து, மறைந்தவரின் பெயரையும் குணத்தையும் அவர் விட்டுச் சென்ற குறைகளையும் முறைவைத்துச் சொல்லி அழுவர். ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் மற்றொருத்தி வாங்கிக்கொள்வாள். ஒப்பாரி என்னும் அந்தக் கலைக்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. புலவர் மரபிலும் இதற்குத் தனியிடம் உண்டு. தலைவன் மாண்டபின் அவனை இழந்தோர் செயலற்று நின்று பாடுவதைக் கையறுநிலை என்று புறத்திணையில் வைத்தனர் நம் முன்னோர். பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் பாடியதும் கபிலர் பாடியவையும் புறநானூற்றில் உள்ளதை யாவரும் அறிவர். அவ்வரிய நூலை 1894-இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றித் தந்தார். இக்கட்டுரையில் அவர் பெயரை மீண்டும் ஓரிடத்தில் சொல்ல நேரும்.

அச்சு வந்தபின் துயரத்தின் இருப்பிடம் மாறிற்று. துயருற்றவன் முற்றத்தை விட்டு அறைக்குள் சென்றான். விளக்கடியில் அமர்ந்து, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, திரும்பி வருவதற்கான தபால் தலையையும் உள்ளே வைத்து, முன்பின் கண்டிராத ஒருவருக்கு அதனை அனுப்பலானான். அந்த ஒருவர் இதழாசிரியர். துயரக் கதையின் முதற் செவி அவருடையது. அவர் ஏற்றால்தான் பிறர் செவிக்கு அது போகும். ஒப்பாரியைத் திருப்பி அனுப்பிய முற்றம் எங்கும் இருந்ததில்லை. கதையைத் திருப்பி அனுப்பாத ஏடு எங்கும் இருந்ததில்லை. ஆகவே தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதியவர் வழியாக மட்டும் சொன்னால் போதாது. ஏற்றவர் வழியாகவும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சொந்த மண்ணை விட்டு இந்நகருக்கு வந்த நமக்கு அது பிறரினும் நெருங்கிய செய்தி.

செவி கிட்டாத துயரம் எத்தகையது என்பதை உருசிய நாட்டு ஆசிரியர் செகாவ் ஒரு சிறு கதையில் காட்டினார். மகனை இழந்த குதிரைவண்டிக்காரன் ஒருவன் தன் வண்டியில் ஏறுவோரிடமெல்லாம் அதைச் சொல்ல முயல்கிறான். எவரும் கேட்பதாக இல்லை. இரவில் தன் குதிரையிடம் சொல்லி ஆறுகிறான். 1886-ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரத்து நாளிதழ் ஒன்றில் புனைபெயரோடு அக்கதை வெளிவந்தது. அன்றாடச் செய்திகளோடு செய்தியாக வந்த அதனை இன்று உலகமே படிக்கிறது. கேட்பாரற்ற ஒருவனின் கதையைக் கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதையும் அதனோடு சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

நம் மொழியில் நவீனச் சிறுகதையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது வ.வே.சு.ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. முதலா, இரண்டாவதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அது நமக்கு வேண்டாம். நாம் கருத வேண்டியது, அத்தொடக்கமே ஒரு துயரக் கதை என்பது. தந்தையின் செல்வம் ஆர்பத்நாட் வங்கி முறிந்தபோது அழிகிறது. அதனால் மகள் ருக்மிணி புகுந்த வீட்டாரால் ஒதுக்கப்படுகிறாள். கணவனுக்கு மறுமணம் பேசுகிறார்கள். அவள் குளத்தில் மூழ்கி மடிகிறாள். 1906-இல் சென்னையில் அந்த வங்கி உண்மையாகவே முறிந்தது. அதில் பணம் போட்டிருந்த குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. நாட்டு நடப்பு ஒன்று ஒரு பெண்ணின் சாவாக முடிவதை இத்தனை அருகிலிருந்து பார்த்தார் ஐயர். கதையைச் சொல்வதோ குளத்தங்கரையில் நிற்கும் மரம். படித்துறையே கதை சொல்லும் தாகூரின் வங்கக் கதை ஒன்றைத் தழுவிய உத்தி அது என்று ஆராய்ந்தோர் கூறுவர். இருக்கட்டும். கேட்பதற்கு மனிதர் இல்லாதபோது உருசியாவில் குதிரை கேட்டது; இங்கே சொல்வதற்கு மனிதர் இல்லாதபோது மரம் சொல்கிறது.

அக்கதை 1915-இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தது. அப்போது ஐயர் ஆங்கிலேய அரசின் கண்ணுக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டிருந்தார். கதையின்மேல் அவர் பெயர் இல்லை. அவருடைய மனைவியார் பாக்கியலட்சுமி அம்மாள் பெயரே இருந்தது. இதில் உள்ள முரண் எண்ணத்தக்கது. ஒப்பாரி முழுவதும் பெண்டிர் உடைமை. அத்துயரம் சிறுகதையாகி அச்சேறிய முதற் காலத்தில் பெண்ணின் பெயர் இருந்தது, பெண்ணின் சாவு இருந்தது, எழுதிய கை மட்டும் ஆணுடையது. பெண்கள் தம் துயரத்தைத் தாமே எழுதித் தம் பெயரிலேயே ஏற்கப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஐயரின் முடிவும் நீரிலேயே நேர்ந்தது. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து அவரும் உயிர் துறந்தார். கதைக்கும் இதற்கும் தொடர்பு கற்பிப்பது தகாது. ஆயினும் குளத்து நீரில் அடங்கிய ருக்மிணியைப் படிக்கும்போது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பின்னர் வார இதழ்களின் காலம் வந்தது. அவை துயரத்தை விலக்கின என்று சொன்னால் பிழையாகும். கண்ணீர் எப்போதும் நன்றாக விலைபோன சரக்கு. காசநோயால் இருமும் கதாநாயகிக்கும், கடைசி நேரத்தில் வந்து சேரும் காதலனுக்கும் இடமில்லாத ஏடு இல்லை. ஆனால் கண்ணீர் வேறு, துயரம் வேறு. கண்ணீர்க் கதை படித்து முடித்ததும் மனத்தை இலேசாக்கி அனுப்பிவிடும். துயரக் கதை அப்படி விடுவதில்லை. அதற்கு ஆறுதல் சொல்லும் கடைசிப் பத்தி இராது. பல்லாயிரம் படிகள் அச்சிடும் ஓர் ஆசிரியர் அதனைக் கையில் எடுத்துத் தயங்கினால் அவரைக் குறைசொல்லவும் முடியாது. வாசகர் கடிதம் அவருக்குத்தானே வரும்! தயங்காமல் ஏற்றவை பெரும்பாலும் சிறிய ஏடுகள். எழுதியவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவும் வழியில்லாத ஏடுகள்.

அவற்றுள் தலையாயது ‘மணிக்கொடி’. 1933-இல் கு.சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம் ஆகியோர் வார இதழாகத் தொடங்கியது அது. சீனிவாசன் நம் நகருக்கு உரியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தமிழரான சதானந்த் பம்பாயில் நடத்திய ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ ஏட்டில் அவர் பணியாற்றினார். மணிக்கொடியைப் பேசுவோர் திருவல்லிக்கேணியைச் சொல்வர், கும்பகோணத்தைச் சொல்வர். பம்பாயையும் ஒரு சொல் சொன்னால் குறைந்துவிடாது. 1935-இல் பி.எஸ்.ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதைக்கென்றே நடக்கும் இதழாயிற்று.

கணிதம் பயின்ற எஸ்.மணி என்பவர் எழுதிய கதைகளை ஏற்று, அவருக்கு மௌனி என்ற பெயரையும் இட்டவர் ராமையா. 1936-இல் தொடங்கி மௌனியின் கதைகள் மணிக்கொடியில் வரலாயின. அவருடைய ‘பிரபஞ்ச கானம்’ கதையில் ஒரு பெண் பாடினால் உயிருக்கு ஊறு என்று தடுக்கப்படுகிறாள். மண நாளில் பாடி, அப்பாட்டோடு முடிகிறாள். நிகழ்ச்சி என்று எடுத்துச் சொல்ல இவ்வளவே. மற்றதெல்லாம் இழந்தவனின் மனத்தில் உலகம் எவ்வாறு நிறம் மாறுகிறது என்பதுதான். இத்தகைய கதையைத் தபாலில் பெறும் ஆசிரியர் ‘தெளிவாக இல்லை’ என்று குறிப்பெழுதித் திருப்பியிருந்தால் அவருக்கு நூறு காரணங்கள் இருந்திருக்கும். ராமையா திருப்பவில்லை. அவருடைய சொந்தக் கதைகளோ நடையிலும் நோக்கிலும் மௌனிக்கு எதிர்க்கரையில் நிற்பவை. தமக்கு வராத ஒன்றைத் தம் ஏட்டில் இடம்பெறச் செய்வதே ஆசிரியத் தொழிலின் அருமை. அவர் பின்னாளில் எழுதிய ‘மணிக்கொடிக் காலம்’ நூலுக்கு 1982-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அது முதலில் தொடராக வந்த ஏடு ‘தீபம்’. அவ்வேட்டைப் பற்றிப் பம்பாய்க்கு வரும்போது மேலும் பேசுவோம்.

துயரக் கதை என்றதும் என் நெஞ்சில் முதலில் எழுவது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. 1943-இல் ‘கலைமகள்’ அதனை வெளியிட்டது. சென்னையில் துணிக்கடை ஒன்றில் சிற்றூழியம் பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை தென்பாண்டி நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். நோயாளி மனைவியைத் தவிர அவருக்கு வீட்டில் எவரும் இல்லை. ஓரிரவில் அவள் இறக்கிறாள். அவர் கதறவில்லை. உடலைத் தாமே குளிப்பாட்டிக் கிடத்துகிறார். முகத்தில் உட்காரவரும் ஈயை விசிறியால் ஓட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

இக்கதையைப் பலமுறை படித்த பின்னரே எனக்கு ஒன்று புலப்பட்டது. அவ்வீட்டில் ஒப்பாரி இல்லை! ஊரில் இறந்திருந்தால் செல்லம்மாளுக்குத் தெருவே கூடி அழுதிருக்கும்; உடலைக் குளிப்பாட்ட உறவுப் பெண்கள் வந்திருப்பர்; எடுத்துக் கொடுக்க ஒருத்தி, வாங்கிக்கொள்ள நால்வர் இருந்திருப்பர். நகரத்து ஒண்டுக் குடியில் அந்தக் கடமைகள் எல்லாவற்றையும் ஒரே ஆள் ஓசையில்லாமல் செய்து முடிக்கிறார். முற்றத்தை இழந்த துயரம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழில் இவ்வளவு நேராக யாரும் எழுதியதில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டவனின் சாவுக் கதை அது. சென்னையை எடுத்துவிட்டுச் செம்பூர் என்று வைத்தாலும் ஓரெழுத்து மாறாது.

அதனை ஏற்ற ‘கலைமகள்’ புரட்சி ஏடு அன்று; புலமை மணம் கமழ்ந்த குடும்பத் திங்களிதழ். ஆசிரியர் கி.வா.ஜகந்நாதன் உ.வே.சாமிநாதையரின் மாணாக்கர். பழைய கையறுநிலையைச் சுவடியிலிருந்து மீட்டு அச்சேற்றியவர் ஆசான். புதிய கையறுநிலை ஒன்று தபாலில் வந்தபோது அதனை அறிந்து ஏற்றவர் மாணாக்கர். புதுமைப்பித்தனுக்கும் பண்டித மரபுக்கும் ஆகாது என்று மேடையில் முழங்குவோர் இந்த ஓர் உண்மையைச் சற்றே சிந்திக்கலாம்.

இனி நம் நகருக்கு வருவோம். பம்பாய்த் தமிழரின் வரலாற்றை இங்கு விரித்துரைக்க இடமில்லை. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோர் ஒரு சாரார். அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் அமர்ந்து மாதுங்காவில் குடியேறியோர் மற்றொரு சாரார். பின்னர் செம்பூர் வரையில் பரவினோம். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் மாதுங்காவில் பள்ளி தொடங்கும் அளவுக்கு நம் மக்கள் இங்கு வேர் பிடித்திருந்தனர். பள்ளி வந்தது, கோயில் வந்தது, பஜனை வந்தது, சங்கம் வந்தது. அழுவதற்குரிய முற்றம் மட்டும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

தாராவியில் ஓரளவு வாய்த்தது என்றே சொல்ல வேண்டும். ஓரூரார் ஒரு சந்தில் குடியேறியமையால், சாவு விழுந்தால் ஊரே திரண்டது போல் கூட்டம் சேர்ந்தது. ஒப்பாரி அங்கே கடல்மட்டத்துச் சேற்று நிலத்திலும் பிழைத்தது. ஆனால் தனி அறைகளில் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாழ்ந்த அலுவலக இளைஞர்களுக்கு அதுவும் இல்லை. ஊரிலிருந்து தந்தி வரும்: ‘தந்தை கவலைக்கிடம், உடனே புறப்படுக.’ கவலைக்கிடம் என்ற சொல்லின் பொருள் என்ன என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரியும். சென்னைக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். அங்கு வண்டி மாறித் தெற்கே இன்னொரு நெடும் பயணம். கன்னியாகுமரி மாவட்டத்தார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1979 வரை நாகர்கோவிலுக்கு இரயில் பாதையே கிடையாது. திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். போய்ச் சேரும்போது காடாற்றும் முடிந்திருக்கும். முகம் பார்க்காத மகன் பதினாறாம் நாள் வரை இருந்துவிட்டு, விடுப்பு தீர்ந்ததும் மீண்டும் வண்டியேறுவான். அறைக்குத் திரும்பினால் நண்பர்கள் ஓரிரு சொல் கேட்பர்; மறுநாள் காலை எட்டு மணி மின்வண்டி யாருக்காகவும் நிற்காது. அழுகை அப்படியே தங்கிவிடும். அவ்வாறு தங்கியதுதான் பல பேரிடம் எழுத்தாயிற்று.

அந்த நாஞ்சில் நாட்டிலிருந்து 1972-இல் வேலை தேடி இங்கு வந்த இளைஞர் க.சுப்பிரமணியம். தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் சங்கம் நடத்திய ‘ஏடு’ இதழும் அவருக்குத் துணையாயின. அவர் நாஞ்சில் நாடன் என்ற பெயரில் எழுதிய முதற் சிறுகதை ‘விரதம்’. அமாவாசை நோன்பிருக்கும் முதியவர் ஒருவர் மணம் செய்து கொடுத்த தம் மகள்களின் வீடுகளுக்குச் செல்கிறார். ஒருத்தி வீட்டில் உண்டிருப்பார் என்று மற்றொருத்தி எண்ணிக்கொள்ள, கேட்டு வாங்கி உண்ணும் வழக்கமில்லாத அவர் பசியோடு வீடு திரும்புகிறார். கதையில் சாவு இல்லை, எவரும் தீயவர் அல்லர், எவரும் அழவுமில்லை. எனினும் இதனைத் துயரக் கதை என்றே நான் கொள்கிறேன். தாம் பெற்ற மக்களின் வீட்டில் விருந்தாளியாகிவிட்ட தந்தையின் நிலையை ஊரில் இருந்துகொண்டே ஒருவர் கண்டிருக்கலாம். ஆயினும், அத்தகைய தந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்த மகனுக்கு அது இன்னும் கூர்மையாகத் தெரியும். தொலைவு இக்கதையில் எங்கும் பேசப்படவில்லை. தொலைவே இதனை எழுதியது என்பது என் துணிபு.

1975-இல் ‘தீபம்’ இதனை வெளியிட்டது. இலக்கியச் சிந்தனை அமைப்பு அம்மாதத்தின் சிறந்த சிறுகதையாகவும் தேர்ந்தது. தீபத்தை 1965-இல் தொடங்கி நடத்திய நா.பார்த்தசாரதியை இங்கு நன்றியோடு நினைக்க வேண்டும். ‘குறிஞ்சி மல’ரில் இலட்சிய மாந்தரைப் படைத்து ஆயிரக்கணக்கான இளைஞர்களை உருகவைத்தவர் அவர். அவர் கைக்கு வந்த இந்தக் கதையிலோ இலட்சியமும் இல்லை, உருக்கமும் இல்லை; வட்டார வழக்கில் ஒரு கிழவரின் பசி மட்டும் இருந்தது. ராமையா மௌனியை ஏற்றதற்கு ஒப்பான செயல் இது. அந்த ராமையாவின் நினைவுகளையே தம் ஏட்டில் தொடராக வெளியிட்டவர் அதனைச் செய்தார் என்பதில் ஒரு மரபு தெரிகிறது.

ஏற்கப்பட்ட ஒரு கதை எழுதியவனுக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். துயரம் தீர்ந்துவிடாது. அச்சேறியதனால் இறந்தவர் எழுந்து வருவதில்லை, பசித்தவர் உண்டுவிடுவதுமில்லை. ஆனால் ‘நீ சொன்னது என் காதில் விழுந்தது’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒப்பாரியில் அடுத்தவள் வாங்கிக்கொள்கிறாளே, அதே செயல். வாங்கிக்கொண்டால்தான் பாடுபவள் அடுத்த அடியை எடுப்பாள். நாஞ்சில் நாடன் அடுத்த அடியை எடுத்தார். 1977-இல் ‘தலைகீழ் விகிதங்கள்’, 1979-இல் ‘என்பிலதனை வெயில் காயும்’, 1981-இல் ‘மாமிசப் படைப்பு’, 1986-இல் ‘மிதவை’ என்று அவர் இந்நகரில் வாழ்ந்த காலத்திலேயே நாவல்கள் தொடர்ந்தன. 2010-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சூடிய பூ சூடற்க’வும் சிறுகதைத் தொகுதியே.

பெண்டிர் குரலைப் பற்றி முன்னர் ஒரு குறை சொன்னேன். அக்குறையைத் தீர்த்தவருள் முதன்மையான ஒருவரும் நம் நகரத்தவர் என்பது மகிழ்ச்சி தருவது. அம்பை என்னும் சி.எஸ்.லட்சுமி எழுபதுகளில் எழுதிய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையிலும் உயிர்க்கொலை இல்லை. தாயின் ஒரு சொல்லால் மகளுக்குள் ஒன்று மடிகிறது, அவ்வளவுதான். ஆண் ஆசிரியர் ஒருவர் ‘இதில் என்ன துயரம்?’ என்று கேட்டுத் திருப்பியிருக்கக்கூடிய கதை அது. சிற்றிதழ்கள் இருந்தமையால் அத்தகைய கதைகளுக்கு வழி பிறந்தது. அவருடைய ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 1988-இல் அவர் தோழியருடன் நிறுவிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகம் பெண்களின் வாழ்வை ஒலியாகவும் படமாகவும் எழுத்தாகவும் இந்நகரில் சேர்த்துவருகிறது.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஊரில் நடக்கும் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் செம்பூர் அடுக்ககத்தில் இருந்தவாறே பார்க்கும் காலம் வந்துவிட்டது. கதைகளும் மின்னஞ்சலில் போய், ஏற்பும் மறுப்பும் மின்னஞ்சலில் வருகின்றன. ஆனால் அதற்கு முற்பட்ட நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் சென்னையிலிருந்து இந்நகர்த் தமிழர் வீடுகளுக்கு வந்து சேர்ந்த அஞ்சலட்டைகள் எத்தனையோ இருக்கும். ‘தங்கள் கதை ஏற்கப்பட்டது’ என்று இரண்டு வரி எழுதி ஆசிரியர் கையொப்பமிட்ட அட்டைகள் அவை. சில பழைய பெட்டிகளில் இருக்கும். சில மழைநீர் புகுந்து போயிருக்கும். எழுதியவர்கள் பலர் மறைந்துவிட்டனர். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத வீடுகளும் உண்டு. சங்கம் இவ்வாண்டே ஓர் அறிவிப்புச் செய்து, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள அவ்வீடுகளுக்கு அன்பர் இருவரை அனுப்பி, அந்த அட்டைகளையும் திரும்பி வந்த கையெழுத்துப் படிகளையும் கேட்டு வாங்கி நூலகத்தில் வைக்கலாம். ஏற்கப்பட்டவற்றோடு ஏற்கப்படாதவற்றையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும்.